சமோவாவின் பெண்பிள்ளைகளும் மார்கரெட் மீட்டும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மானிடவியல் படிக்க வரும் மாணவர்களோடு சேர்ந்து, அமெரிக்க மானிடவியலாளர் மார்கரெட் மீட்டின் சமோவா நூலை (Coming of Age in Samoa) பல ஆண்டுகளாக வாசித்து வருகிறேன். ஆண்டுக்கு ஆண்டு முகங்கள் மாறுகின்றன; சந்தேகங்கள் மாறுவதில்லை. அவற்றைக் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். எனக்கு ஒரு கவலையும் உண்டு. இந்த நூலைப் பற்றிப் பேச்செடுத்தால் ஐந்தே நிமிடத்தில் அது இரண்டு வெளிநாட்டு ஆய்வாளர்களின் சண்டையாகிவிடுகிறது. இடுப்பில் தம்பியையோ தங்கையையோ சுமந்துகொண்டு ஊரெல்லாம் அலைந்த அந்தச் சிறுமிகளை எல்லோரும் மறந்துவிடுகிறோம். ஆகவே சண்டைக்கு இங்கே பின்பாதியில்தான் இடம் கொடுத்திருக்கிறேன்.

சமோவா எங்கே இருக்கிறது? சமோவா, அமெரிக்க சமோவா என்று இரண்டு சொல்கிறார்களே?

பசிபிக் பெருங்கடலில், ஹவாயிலிருந்து நியூசிலாந்துக்குப் போகும் வழியில் உள்ள தீவுக்கூட்டம் அது. மொழியும் பழக்கவழக்கமும் ஒன்று. ஆட்சி மட்டும் இரண்டு. மேற்கே உள்ள உபோலு, சவாயீ தீவுகள் 1900இல் ஜெர்மனியின் கைக்குப் போயின. 1914இல் நியூசிலாந்து அவற்றைப் பிடித்துக்கொண்டது. 1962 ஜனவரி 1 அன்று விடுதலை பெற்று, இன்று அவை சமோவா என்னும் தனி நாடு. கிழக்கே உள்ள டுட்டுயிலாவும் மனுவாத் தீவுகளும் அமெரிக்காவிடம் போயின. 1951 வரை அங்கே அமெரிக்கக் கடற்படையே ஆட்சி நடத்தியது. இன்றும் அது அமெரிக்க ஆட்சிப்பகுதிதான்.

மீட் வேலை செய்தது கிழக்குப் பகுதியில், மனுவாவைச் சேர்ந்த டாவு என்ற சிறு தீவில். அது டுட்டுயிலாவிலிருந்து சுமார் 100 கிலோமீட்டர் கிழக்கே இருக்கிறது. இந்த மேற்கு, கிழக்கு வேறுபாட்டை நினைவில் வைத்திருங்கள், பின்னால் தேவைப்படும்.

மார்கரெட் மீட் யார்? அவ்வளவு தொலைவு எதற்காகப் போனார்?

1901இல் பிலடெல்பியாவில் பிறந்தவர். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் மானிடவியலாளர் ஃபிரான்ஸ் போவாஸின் மாணவி. 1925 ஆகஸ்ட் 31 அன்று டுட்டுயிலாவின் பாங்கோ பாங்கோ துறைமுகத்தில் இறங்கியபோது அவருக்கு வயது 23.

அந்தக் காலத்தில் அமெரிக்காவில் ஒரு கருத்து வேரூன்றியிருந்தது. வளரிளம் பருவம் என்றாலே கொந்தளிப்புதான். பெற்றோரை எதிர்ப்பதும் காரணமில்லாமல் அழுவதும் உடலின் வளர்ச்சியோடு கூடவே வருபவை. எந்த ஊரானாலும் அப்படித்தான் இருக்கும் என்றார்கள். 1904இல் ஸ்டான்லி ஹால் என்ற உளவியலாளர் எழுதிய இரண்டு பெரிய தொகுதிகள் இந்தக் கருத்துக்கு வலுச் சேர்த்திருந்தன. மனிதரின் தரத்தைப் பிறப்பே முடிவு செய்துவிடுகிறது என்ற இனமேம்பாட்டு வாதமும் அப்போது ஓங்கியிருந்தது. போவாஸ் அதைக் கடுமையாக எதிர்த்தவர். கொந்தளிப்புக்கு உடல்தான் காரணம் என்றால் அது எங்கும் தென்பட வேண்டும். அமைதியாகப் பருவம் கடக்கும் ஒரு சமூகம் கிடைத்தாலும் அந்த வாதம் ஆட்டம் கண்டுவிடும். அதைத் தேடித்தான் மீட் போனார்.

எத்தனை பெண்களைப் பார்த்தார்? எவ்வளவு நாள் இருந்தார்?

சமோவாவில் மொத்தம் ஏறக்குறைய ஒன்பது மாதம். முதலில் சில வாரங்கள் பாங்கோ பாங்கோவில் மொழி கற்றார். வைதோங்கி என்ற ஊரில் ஒரு தலைவரின் குடும்பத்தோடு பத்து நாள் தங்கினார். 1925 நவம்பரிலிருந்து 1926 ஏப்ரல் வரை டாவு தீவில் இருந்தார். லூமா, சியுஃபாங்கா, ஃபலேயாசாவ் என்ற மூன்று ஊர்கள். மொத்தம் சுமார் 600 பேர். எட்டு, ஒன்பது வயது முதல் இருபது வயது வரையுள்ள 68 பெண்பிள்ளைகளைப் பற்றிக் குறிப்பெடுத்தார். அவர்களில் பருவமடைந்த 25 பேரைத்தான் நெருக்கமாக ஆராய்ந்தார். வயதுகூட உத்தேசக் கணக்குதான். பிறந்த தேதியை எழுதி வைக்கும் வழக்கம் அங்கில்லை. யாருக்கு யார் மூத்தவள் என்று ஒப்பிட்டு வரிசைப்படுத்தினார்.

1926 ஜனவரி 1 அன்று பெரும் சூறாவளி வீசி ஊரின் வீடுகளில் பெரும்பாலானவற்றைப் பெயர்த்துப் போட்டது. காலியாக்கப்பட்ட சிமென்டுத் தண்ணீர்த் தொட்டிக்குள் ஒடுங்கி அவரும் உடனிருந்தவர்களும் உயிர் தப்பினார்கள். பிறகு பல வாரங்கள் ஊரே வீடு கட்டுவதில் மூழ்கிவிட்டது. அவர் கையில் இருந்த காலம் எவ்வளவு குறைவு என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

அங்கே வீடு, குடும்பம் எல்லாம் எப்படி?

வீட்டின் பெயர் ஃபலே. வட்டமாகவோ நீள்வட்டமாகவோ தூண்கள் நட்டு, மேலே கூரை வேய்ந்து, தரையில் கூழாங்கல் பரப்பியிருப்பார்கள். சுவர் கிடையாது. மழையோ காற்றோ அடித்தால் தென்னங்கீற்றுத் தட்டிகளை இறக்கிவிடுவார்கள். ஆகவே பிறப்பு, சாவு, சண்டை, சமாதானம் எதையும் குழந்தையின் கண்ணிலிருந்து மறைக்க முடியாது. மீட் இதற்கு மிகுந்த முக்கியத்துவம் தருகிறார்.

குடும்பம் என்பது ஐங்கா, பெரிய சொந்தக்கூட்டம். அதன் தலைவர் மதாய் என்ற பட்டம் உடையவர். நிலத்துக்கும் உழைப்புக்கும் அவர் பொறுப்பு. மதாய்கள் கூடும் ஊர்ச்சபை ஃபோனோ. ஒரு வீட்டில் பத்திலிருந்து இருபது பேர் வரை இருப்பார்கள். அதில் பெற்றோர் அதட்டினால் ஒரு பிள்ளை பாயைச் சுருட்டிக்கொண்டு மாமா வீட்டுக்கோ பெரியம்மா வீட்டுக்கோ போய்த் தங்கிவிடலாம். அதை யாரும் 'வீட்டைவிட்டு ஓடிப்போனாள்' என்று சொல்வதில்லை. மீட்டின் வாதத்துக்கே அச்சாணி இந்த வசதிதான் என்பது என் கருத்து.

ஒரு பெண்குழந்தை அங்கே எப்படி வளர்கிறாள்? நாள் முழுவதும் என்ன செய்வாள்?

ஆறு, ஏழு வயதானதும் கைக்குழந்தை ஒன்றை அவளிடம் ஒப்படைத்துவிடுவார்கள். இடுப்பில் சுமப்பதும், அழுகையை அடக்குவதும், பெரியவர்கள் பேசும் இடத்திலிருந்து அப்புறப்படுத்துவதும் அவள் வேலை. குழந்தை அழுதால் ஏச்சு அவளுக்குத்தான். இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கும். கட்டளையிடும் அதிகாரமும் அதட்டு வாங்கும் அடிமைத்தனமும் ஒரே நேரத்தில் அந்தச் சின்னத் தோளில் ஏறுகின்றன. அவள் வயதுப் பையன்களும் கொஞ்ச காலம் குழந்தை தூக்குவார்கள். பிறகு அவர்கள் பெரிய பையன்களோடு சேர்ந்து மீன்பிடிக்கவும் படகு செலுத்தவும் போய்விடுவார்கள். இவள் மட்டும் குழந்தையோடு நிற்பாள்.

உடல் வலுப் பெற்றதும் குழந்தைச் சுமை அடுத்த தங்கையின் இடுப்புக்கு மாறுகிறது. இப்போது தோட்டத்திலிருந்து கிழங்குக் கூடை சுமக்க வேண்டும். கடலடிப் பாறைத் திட்டில் சிறுமீனும் நண்டும் பிடிக்க வேண்டும். பாய் பின்னக் கற்க வேண்டும். முதலில் சாதாரணத் தரைப்பாய், பிறகு கூரைக்கும் தட்டிக்குமான பின்னல், கடைசியில் இயே தோங்கா என்ற மெல்லிய பாய். துணிபோல் மடியும் இந்தப் பாய் ஒன்றைப் பின்னி முடிக்க ஓராண்டு, இரண்டாண்டுகூட ஆகும். திருமணத்திலும் சாவிலும் பட்டமேற்பிலும் கைமாறும் பெருஞ்செல்வம் அது. மரப்பட்டையை அடித்துச் செய்யும் சியாபோத் துணியும் பெண்களின் கைவேலையே.

இந்த வயதுப் பெண்ணின் வாயில் அடிக்கடி வரும் வார்த்தை 'லாயிதிதி ஆவு'. 'நான் சின்னவள்தானே' என்று பொருள். அதைச் சொன்னால் பல பொறுப்புகளிலிருந்து தப்பலாம். வேகமாகக் கற்று முன்னால் நிற்பதை ஊர் விரும்புவதில்லை. 'தௌதலா லாயிதிதி', அதாவது வயதுக்கு மீறிய பேச்சு என்பது அங்கே பெரிய வசை. ஆகவே கெட்டிக்காரப் பெண்கூட அவசரம் காட்டுவதில்லை. பதினாறு, பதினேழு வயதில் அவளுடைய ஆசை ஒன்றே: கல்யாணம் கொஞ்சம் தள்ளிப்போக வேண்டும்.

வயதுக்கு வந்தால் நம் ஊரைப் போலச் சடங்கு, சீர் எல்லாம் உண்டா?

இல்லை. தமிழ் வாசகர்கள் எல்லோரும் கேட்கும் கேள்வி இது. பதில் அவர்களை ஏமாற்றிவிடும். மீட் பார்த்த ஊர்களில் முதல் மாதவிடாய்க்கு எந்தச் சடங்கும் இல்லை. தனிக்குடிசை, தண்ணீர் ஊற்றுதல், ஊர்ச் சாப்பாடு எதுவும் கிடையாது. அந்த நாட்களில் தலைவர்களுக்கான ஆவா பானத்தைக் கலக்கக் கூடாது என்பதுபோன்ற சிறு விலக்குகள் மட்டும் இருந்தன. நேற்றுவரை சிறுமி, இன்றிலிருந்து பெண் என்று ஊர் அறிவிக்கும் நாளே அவள் வாழ்வில் வருவதில்லை. மாற்றம் மெல்ல, வேலை வழியாகவே நிகழ்கிறது.

அண்ணனும் தங்கையும் பேசிக்கொள்ளவே மாட்டார்களாமே, உண்மையா?

முழு உண்மையில்லை; ஆனால் விலக்கு கடுமையானது. ஒன்பது, பத்து வயதுக்குப் பிறகு உடன்பிறந்த ஆணும் பெண்ணும் ஒருவரையொருவர் தொடக் கூடாது. நெருங்கி உட்காரக் கூடாது. சேர்ந்து சாப்பிடக் கூடாது. ஒருவர் இருக்கும் இடத்தில் மற்றவர் முன்னிலையில் ஆபாசமான பேச்சு எழக் கூடாது. இருவரில் இளைய பிள்ளைக்கு எப்போது கூச்சம் தோன்றுகிறதோ, அப்போது விலக்கு தொடங்குகிறது என்று மீட் எழுதுகிறார். முதுமை வரை அது தொடரும்.

நம்மவர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அத்தை மகன், மாமன் மகன், பெரியப்பா மகன் எல்லோரும் அங்கே உடன்பிறந்தவர்களே. முறைப்பெண், முறைமாப்பிள்ளை என்ற எண்ணத்துக்கே இடமில்லை. ஒரு பெண் தன் சகோதரனைத் துவாங்கானே என்கிறாள். அவன் அவளைத் துவாஃபஃபினே என்கிறான். பெண்ணுக்குப் பெண், ஆணுக்கு ஆண் என்றால் உசோ என்ற வேறு சொல். ஆக, சிறிய ஊரில் ஒரு பெண் விலகி நடக்க வேண்டிய 'அண்ணன்கள்' பலர்.

விலக்கு என்பதை இழிவு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். சகோதரிக்கும் சகோதரனுக்கும் இடையே உள்ளது ஃபெயங்காயிங்கா, புனித உடன்பாடு. அவளைக் காப்பதும் அவளுக்கு உழைப்பதும் அவன் கடன். அப்பாவின் சகோதரி இட்ட சாபம் பலிக்கும் என்று அஞ்சினார்கள்.

தாவ்போ என்றால் யார்? இளவரசியா?

உயர்ந்த தலைவர் தன் குடும்பத்துப் பெண் ஒருத்திக்குத் தரும் பட்டம் அது. விருந்தினரை வரவேற்பதும், ஆவா கலந்து கொடுப்பதும், ஊரின் முன்னணியில் நின்று ஆடுவதும் அவள் வேலை. அவளுடைய கன்னிமை ஊரின் மானம். அவள் எங்கு போனாலும் கூடவே மூத்த பெண்கள் போவார்கள். திருமண நாளில் அனைவர் முன்னிலையிலும் அதைச் சோதிக்கும் கொடிய வழக்கமும் இருந்தது. பாதிரிமார்களும் கடற்படை ஆட்சியும் அதைத் தடைசெய்துவிட்டார்கள்.

இளவரசி என்ற சொல் பொருந்தாது. ஊர்ப் பெண்களிலேயே சுதந்திரம் குறைந்தவள் அவள்தான். சாதாரணக் குடும்பத்துப் பெண்ணுக்கு இருந்த தளர்வு அவளுக்கு இல்லை. இந்த ஏற்றத்தாழ்வைப் பிடித்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும் சண்டையில் பாதி, 'சமோவாப் பெண்' என்று சொல்லும்போது தாவ்போவை மனத்தில் வைத்திருக்கிறோமா, மற்றவளை வைத்திருக்கிறோமா என்பதில்தான் இருக்கிறது.

சரி, மீட் கண்டுபிடித்தது என்ன?

டாவு தீவுப் பெண்களுக்குப் பருவகாலம் ஒரு நெருக்கடியாக இருக்கவில்லை என்பதே. பருவமடைந்த பெண்ணுக்கும் இன்னும் அடையாத தங்கைக்கும் உடலில்தான் வேறுபாடு, மனநிலையில் இல்லை என்றார். காரணங்களாக அவர் சொன்னவை: பாசமும் அதிகாரமும் ஒரே தாய் தந்தையிடம் குவியாமல் பலரிடம் பரவியிருப்பது, மேலே சொன்ன வீடு மாறும் வசதி, பிறப்பும் சாவும் காமமும் மறைபொருளாக இல்லாதது, எந்த மதம், எந்தத் தொழில், எந்த வாழ்க்கை என்று தேர்ந்து தவிக்க வேண்டியிராதது.

இதற்கு விலையும் உண்டு என்று அவரே எழுதினார். யாரிடமும் ஆழமாக ஒட்டாத மனம், தனித்தன்மைக்கு ஊக்கமின்மை ஆகியவை அந்த விலை. மேற்கோள் காட்டுபவர்கள் இந்தப் பகுதியை விட்டுவிடுகிறார்கள். நூல் 1928இல் வெளிவந்தது. அமெரிக்கப் பெண்களோடு ஒப்பிடும் கடைசி அத்தியாயங்கள் பதிப்பாளர் கேட்டுக்கொண்டதால் சேர்க்கப்பட்டவை. வாசகர்களை அதிகம் ஈர்த்தவையும், சான்று குறைந்தவையும் அவைதான்.

எல்லாப் பெண்களும் கவலையில்லாமல் இருந்தார்கள் என்றா எழுதியிருக்கிறார்?

இல்லவே இல்லை. ஊரோடு ஒட்டாத பெண்களுக்கென்றே ஓர் அத்தியாயம் ஒதுக்கியிருக்கிறார். சண்டைக்காரி, திருடி என்று பெயர் வாங்கியவர்கள், அன்புக்கு ஏங்கி ஒதுக்கப்பட்டவர்கள் அதில் வருகிறார்கள். பெயர்களை மாற்றித்தான் எழுதினார்.

பாதிரியார் வீட்டில் தங்கிப் படிக்கும் பெண்களைப் பற்றியும் விரிவாகச் சொல்கிறார். லண்டன் மிஷனைச் சேர்ந்த ஜான் வில்லியம்ஸ் சமோவாவுக்கு வந்தது 1830இல். மீட் போனபோது அந்த மக்கள் தலைமுறைகளாகக் கிறிஸ்தவர்கள்; ஞாயிறு வழிபாடும் வீட்டு ஜெபமும் அன்றாட வாழ்வின் பகுதி. 'ஆதிவாசித் தீவு' என்று கற்பனை செய்துகொண்டு படிக்கத் தொடங்குபவர்கள் இங்கே நின்று யோசிக்க வேண்டும்.

'கட்டற்ற காதல் தீவு' என்று சமோவாவுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தவர் அவர்தானே?

பாதிப் பழி அவருடையது. நிலவொளி, தென்னை, காதலர் என்று முதல் பதிப்பின் மேலட்டையே அப்படி வரையப்பட்டிருந்தது. ஒரு நாளின் போக்கைச் சொல்லும் தொடக்க அத்தியாயத்திலும் கவிதை நெடி அதிகம். வாசகர்கள் அதைத்தான் பிடித்துக்கொண்டார்கள்.

பின்னிணைப்பில் உள்ள அட்டவணை வேறு கதை சொல்கிறது. பருவமடைந்த அந்த 25 பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு ஆணுறவு இருந்ததில்லை என்று அவரே பதிவு செய்திருக்கிறார். அட்டவணையை எழுதிய கை எச்சரிக்கையானது. அத்தியாயத்தை எழுதிய கை தாராளமானது. இந்தக் குற்றச்சாட்டை நான் மீட்டின் மீது வைக்கிறேன்.

இரவில் ஆண்கள் வீட்டுக்குள் ஊர்ந்து வருவார்கள் என்று படித்ததும் புத்தகத்தை மூடிவிட்டேன். அது என்ன வழக்கம்?

நீங்கள் மூடியதில் தவறில்லை. மோயெதொதொலோ என்பது அதன் பெயர். பெண் உறங்கும் இடத்துக்கு ஒருவன் இருளில் திருட்டுத்தனமாக ஊர்ந்து வருவான். அவள் கூச்சலிட்டால் வீடே எழுந்து அவனைத் துரத்தும். பிடிபட்டவன் ஊர் சிரிக்கத் தலைகுனிவான். மீட் இதைக் காதலில் தோற்றவனின் தந்திரம் என்ற அளவில் இலேசாக எழுதிவிட்டார். இசைவில்லாத பெண்ணை அணுகுவதற்கு வேறு பெயர் இருக்கிறது. ஊர் சிரித்தது என்பதால் அந்தப் பெண்ணின் அச்சம் குறைந்துவிடாது. இந்த ஓர் இடத்தில், பின்னாளில் மீட்டை மறுத்து எழுதிய டெரெக் ஃப்ரீமன் (அடுத்த பதிலில் வருகிறார்) அவரைவிடத் தெளிவாகப் பார்த்தார் என்றே நினைக்கிறேன்.

ஒருவர் வந்து எல்லாமே பொய் என்று நிரூபித்துவிட்டாராமே? பிறகு எதற்குப் படிக்க வேண்டும்?

நீங்கள் சொல்வது டெரெக் ஃப்ரீமனை. நியூசிலாந்தில் பிறந்து, ஆஸ்திரேலியாவின் கான்பெராவில் பேராசிரியராக இருந்தவர். 1940இல் மேற்கு சமோவாவுக்கு ஆசிரியராகப் போய், உபோலுத் தீவின் சானாபு என்ற ஊரில் தலைவர் பட்டமும் பெற்றவர். 1965 முதல் 1967 வரை மீண்டும் அங்கே வாழ்ந்தார். மொழி நன்றாகத் தெரியும். மீட் 1978இல் இறந்தார். ஃப்ரீமனின் மறுப்பு நூல் 1983இல் வந்தது. அது வெளிவரும் முன்பே நியூயார்க் டைம்ஸ் முதல் பக்கத்தில் செய்தி போட்டது.

சமோவாவில் கன்னிமைக்குக் கடும் மதிப்பு உண்டு. பிள்ளைகளை அடித்து வளர்க்கிறார்கள். பட்டத்துக்கான போட்டியும் வன்முறையும் பாலியல் வன்கொடுமையும் மலிந்திருக்கின்றன. ஆகவே மீட் வரைந்த அமைதிப் படம் பொய் என்பது அவர் வாதம். குடும்பக் கண்டிப்பு, தண்டனை, அந்தஸ்துப் போட்டி பற்றி அவர் சொன்னதில் உண்மை இருக்கிறது. சமோவாவில் யாரும் எதற்கும் பெரிதாக மோதிக்கொள்வதில்லை என்ற தொனியில் மீட் எழுதினார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பட்டங்களுக்காக அங்கே நடந்த போர்களை அறிந்தவர் அப்படி எழுத மாட்டார். ஆனால் 'எல்லாமே பொய்' என்பது நிரூபணமாகவில்லை. டாவு தீவிலேயே 1954இல் மறுஆய்வு செய்த லோவல் ஹோம்ஸ், பல இடங்களில் மீட்டோடு மாறுபட்டும், மொத்தத்தில் அவருடைய பதிவுகள் நம்பத்தக்கவை என்றுதான் முடித்தார்.

அந்தப் பெண்ணே "விளையாட்டுக்குப் பொய் சொன்னோம்" என்று கேமரா முன் சொன்னாரே, அதற்கு மேல் என்ன சான்று வேண்டும்?

அவர் பெயர் ஃபாபுவா ஃபாமூ. 1987இல் ஒரு ஆவணப்படத்துக்காகப் பேசியபோது வயது எண்பதைத் தாண்டியிருந்தது. இரவில் எங்கே போகிறீர்கள் என்று மீட் கேட்டதற்கு, தானும் தோழியும் ஒருவரையொருவர் கிள்ளிக்கொண்டு, பையன்களோடு போகிறோம் என்று வேடிக்கையாகச் சொன்னதாகக் கூறினார். 1926 மார்ச்சில் நடந்த இந்த ஒரு பேச்சில்தான் மீட் ஏமாந்தார் என்று ஃப்ரீமன் 1999இல் தனி நூலே எழுதினார்.

ஃபாபுவா பொய் சொன்னார் என்று நான் சொல்ல மாட்டேன். சமோவாவில் இத்தகைய கேலி இயல்பானது; தாவ்போவாக இருந்த ஒரு பெண் முதுமையில் தன் மானத்தைக் காத்துக்கொள்ள விரும்பியதும் இயல்பானது. பிரச்சினை வேறு. ஃபாபுவா மீட்டின் வயதையொத்த தோழி. ஆராயப்பட்ட அந்த 25 பெண்களில் ஒருவரல்லர். மீட்டின் களக்குறிப்புகளைப் பரிசோதித்த மார்ட்டின் ஓரன்ஸ், பாலுறவு பற்றிய தகவல்களை அவர் அந்த மார்ச்சுக்கு முன்பே வேறு பலரிடமிருந்து திரட்டியிருந்தார் என்று காட்டினார். ஃபாபுவாவிடம் பிறகு எடுத்த நேர்காணல்களையும் சேர்த்துப் படித்த பால் ஷாங்க்மன், அவருடைய நினைவுகள் ஒன்றோடொன்று பொருந்தவில்லை என்பதை 2009இல் வெளியான தன் நூலில் விரிவாக எழுதினார். அதற்காக ஓரன்ஸ் மீட்டைப் புகழ்ந்தார் என்று நினைக்க வேண்டாம்: மீட்டின் பெரிய முடிவுகள் சரியா தவறா என்று சோதிக்கவே முடியாத அளவு மங்கலானவை என்பது அவர் தீர்ப்பு. நான் படித்தவற்றில் மீட்டுக்கு எதிரான மிகக் கனமான விமர்சனம் இதுதான்.

மானிடவியலாளர்கள் கூடி ஓட்டெடுத்து ஃப்ரீமனைக் கண்டித்தார்களாமே, அது சரியா?

சரியில்லை. 1983 நவம்பரில் சிகாகோவில் கூடிய அமெரிக்க மானிடவியல் சங்கம் அப்படி ஒரு தீர்மானம் நிறைவேற்றியது. நூலில் பிழை இருந்தால் பிழையைக் காட்ட வேண்டும். கை தூக்கி முடிவு செய்வது அறிவுத்துறைக்கு அழகல்ல.

ஆறு வாரத்தில் மொழி கற்றவர், கல்யாணம் ஆனதையே மறைத்தவர். அவரை எப்படி நம்புவது?

இரண்டும் உண்மைதான். பாங்கோ பாங்கோவில் கற்ற ஆறு வார மொழி போதாது. டாவு தீவில் பேசிப் பேசித் தேறினார். அவர் தங்கியது சமோவா வீட்டிலும் இல்லை. கடற்படை மருந்தகத்தின் பின்தாழ்வாரத்தில் ஓர் அறை. அங்கே பெண்பிள்ளைகள் நினைத்த நேரம் வந்து உட்கார்ந்து பேச முடிந்தது. ஒரு தலைவரின் வீட்டில் தங்கியிருந்தால் அந்த வீட்டின் அந்தஸ்து பாதிப் பெண்களுக்குக் கதவடைத்திருக்கும். எனக்கு இது நியாயமாகவே படுகிறது.

திருமணத்தை மறைத்தது வேறு. மகேலிதா என்று அழைத்து, கன்னிப்பெண் என்று நம்பி, தாவ்போ பட்டம் கொடுத்துத் தங்களில் ஒருத்தியாக வைத்துக்கொண்டவர்களிடம் அதை மறைத்தார். இன்று ஒரு மாணவி இப்படிச் செய்தால் ஒப்பமாட்டேன். இதனால் அட்டவணைகள் பொய்யாகிவிடா. ஆனால் நம்பிக்கையின் ஒரு பக்கம் பழுதுபட்டுவிட்டது.

ஒரே மக்களைப் பார்த்த இருவர் எப்படி நேரெதிராக எழுத முடியும்?

அவர்கள் பார்த்தது ஒரே மக்களை அல்ல. முதல் கேள்வியில் சொன்ன கிழக்கையும் மேற்கையும் இப்போது எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவர் 1925இல், அமெரிக்க ஆட்சியில், கடைக்கோடித் தீவில். மற்றவர் 1940க்குப் பிறகு, நியூசிலாந்து ஆட்சியிலும் விடுதலைக்குப் பின்னும், பெரிய தீவில். 1918இல் பரவிய இன்ஃபுளூயன்சா மேற்கு சமோவாவில் ஐந்தில் ஒருவரைக் கொன்றது. துறைமுகத்தை அடைத்துவிட்ட அமெரிக்க சமோவாவில் அது நுழையவே இல்லை. இப்படிப்பட்ட சாவைக் கண்ட ஊரும் காணாத ஊரும் ஒன்றாக இருக்குமா?

இன்னொன்றும் உண்டு. ஒருவர் இளம்பெண், பாயில் பெண்பிள்ளைகளோடு உட்கார்ந்து அரட்டை கேட்டவர். மற்றவர் ஆண், பட்டம் பெற்று ஃபோனோவில் தலைவர்களோடு உட்கார்ந்தவர். ஊர் தன்னைப் பற்றித் தலைவர்களிடம் சொல்வதும், பதினேழு வயதுப் பெண் தோழியிடம் சொல்வதும் எங்கே ஒன்றாக இருந்திருக்கின்றன? தாவ்போ பற்றிய பதிலில் நான் சொன்ன ஏற்றத்தாழ்வையும் இதோடு சேர்த்துப் பாருங்கள்.

சமோவா மக்கள் இதைப் பற்றி என்ன சொல்கிறார்கள்?

எல்லோருக்கும் ஒரே கருத்து இல்லை. மீட்டைக் குறித்த கோபம் பரவலாக உண்டு. 'எங்கள் பாட்டிகளை இப்படி எழுதலாமா' என்ற கோபம் அது. பெயரை மாற்றினாலும் அறுநூறு பேர் வாழும் இடத்தில் யார் யாரென்று ஊருக்குத் தெரியாதா? ஃப்ரீமன் வந்து கன்னிமையின் மானத்தை மீட்டுக் கொடுத்தார் என்று மகிழ்ந்தவர்களுக்கும், தங்களை வன்முறைக்காரர்களாக அவர் வரைந்த படம் கசந்தது. அதே சமயம் 1971இல் டாவு தீவில் மின்நிலையம் திறக்கப்பட்டபோது, எழுபது வயதை நெருங்கிய மீட்டை அழைத்து வரவேற்றதும் அந்த ஊர்தான்.

சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள்: யார் சொன்னது சரி?

பருவகாலக் கொந்தளிப்பின் அளவைச் சமூகம் கூட்டவோ குறைக்கவோ செய்கிறது என்ற அடிப்படைக் கருத்தில் மீட் சரி. ஒரு சிறு தீவில் சில மாதங்கள் கண்டதைச் சமோவா முழுமைக்கும் உரியதுபோல எழுதியதில் தவறு. கண்டிப்பையும் வன்முறையையும் சுட்டியதில் ஃப்ரீமன் சரி. மீட்டும் போவாஸும் உடலியலையே மறுத்தார்கள் என்று சொன்னதிலும், ஒரு மூதாட்டியின் நினைவின்மேல் முழு வழக்கையும் கட்டியதிலும் தவறு.

நூலை எந்த இடத்திலிருந்து படிக்கத் தொடங்கலாம்?

முதல் பக்கத்திலிருந்து வேண்டாம். நிலவொளியில் வழி தவறிவிடுவீர்கள். குழந்தை வளர்ப்பு பற்றிய அத்தியாயத்தைப் படியுங்கள். அடுத்து, ஊரோடு ஒட்டாத பெண்களின் அத்தியாயம். பிறகு நேராகப் பின்னிணைப்புக்குப் போய், அட்டவணையில் ஒவ்வொரு பெண்ணின் வரியையும் நிறுத்தி நிதானமாகப் பாருங்கள்: யார் வீட்டில் இருந்தாள், பெற்றோர் இருந்தார்களா, பாதிரியார் வீட்டில் தங்கினாளா என்பதெல்லாம் அதில் இருக்கிறது. மேலும் தேடுபவர்களுக்கு அவருடைய களக்குறிப்புகள் வாஷிங்டனில் உள்ள அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் இருக்கின்றன. மூன்று ஊர்களின் பெண்பிள்ளைகள் சொன்னவற்றை அவர் கேட்டுக் குறித்து வைத்த தாள்கள் அவை.